போன வாரத்து அட்டை

லைல் ஷ்ராக் இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரிப் பையன்களுக்கு பேஸ்பாலில் பந்து எறியக் கற்றுக்கொடுத்தே தாடி நரைத்தவர். ஆறு கல்லூரிகள், நான்கு மாநிலங்கள். எங்கே போனாலும் அவர் இரண்டாவது ஆள்தான். தலைமைப் பயிற்சியாளரின் பெயரைப் பலகையில் எழுதுவார்கள், லைலின் பெயரை எழுத மாட்டார்கள். அந்தச் சனிக்கிழமை கான்சஸ் காற்று மைதானத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுவதுபோல அடித்தது. எறிந்த பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால், பார்வையாளர்களின் மூன்றாவது வரிசையில், வெண்டல் ஹாஸ்கின்ஸ் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். பெரிய பல்கலைக்கழக அணி ஒன்று அவர் கையில். அங்கே பயிற்சியாளர் இடம் ஒன்று காலி. எந்த நேரத்தில் எந்த வகைப் பந்தை எறிவது என்று லைல் தேர்ந்தெடுக்கிற விதத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் காரோட்டி வந்திருந்தார். ஐம்பத்தொரு வயதில் இது கிடைக்காவிட்டால் அப்புறம் கிடைக்கப்போவதில்லை என்று லைலுக்குத் தெரியும்.

பந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் லைலின் பெருமை. திமிர் என்றாலும் தப்பில்லை. பெஞ்சில் உட்கார்ந்து விரல்களால் ஓர் எண்ணைக் காட்டுவார். கேட்சர் தன் மணிக்கட்டில் கட்டிய அட்டையில் அந்த எண்ணைத் தேடுவான். அதற்கு நேரே வேகப்பந்து என்றோ வளைபந்து என்றோ இருக்கும். அதை எறிபவனுக்குச் சைகை காட்டுவான். எதிரணி துப்புத் துலக்கிவிடாமலிருக்க ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புது அட்டை. ஒன்று லைலிடம், அதே மாதிரி இன்னொன்று கேட்சரிடம். யோசிப்பது லைலின் வேலை, எறிவது மட்டும் பையனின் வேலை.

அன்றைக்கு எறிந்தவன் டெவின் உன்ரூ. வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டும் என்பதுபோல இருப்பான். லைல் முதலில் கேட்டது வேகப்பந்து. வந்தது வளைபந்து. மட்டையாளர் காற்றை விளாசிவிட்டுத் தன் மட்டையையே சந்தேகமாகப் பார்த்தார். அடுத்துக் கேட்டது மெதுபந்து, வந்தது நெஞ்சுக்கு நேரே சீறிக்கொண்டு ஒரு வேகப்பந்து. லைலுக்குக் காது சிவந்தது. கேட்சர் பாரியோஸ் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறான் என்று முடிவுகட்டினார். எதிரணி மட்டையிலிருந்து ஒரே ஒரு அடி விழட்டும், இவன் தோலை உரிக்கிறேன் என்று காத்திருந்தார்.

அடி விழவே இல்லை. ஒன்பது இன்னிங்ஸில் மூன்று போயிற்று, ஐந்தும் போயிற்று. வந்த மட்டையாளர்கள் எல்லாம் வந்த வழியே திரும்பினார்கள். ஆறாவது முடிந்ததும் லைலுக்குப் பொறுக்கவில்லை. பாரியோஸைத் தண்ணீர்க் குடுவைப் பக்கம் இழுத்துப் போனார்.

"டேய், இங்க கோச் நீயா, நானா?"

"என்ன கோச், நீங்க காட்டினதத்தானே நான் கேக்குறேன்?"

"நான் எப்படா வளைபந்து கேட்டேன்?"

பாரியோஸ் மணிக்கட்டை நீட்டினான். அட்டையின் மேலே அன்றைய தேதி. லைல் தன் கையிலிருந்ததைப் பார்த்தார். போன சனிக்கிழமைத் தேதி. குளிருக்காக மாட்டிய பழைய சட்டைப் பையில் கிடந்ததை உருவிக்கொண்டு வந்திருக்கிறார்! ஆறு இன்னிங்ஸாக அவர் ஒன்று கேட்க, கேட்சர் வேறொன்று படிக்க, உன்ரூ அதை எறிந்துகொண்டிருக்கிறான்.

"புதுசுல இன்னொண்ணு என் பையில இருக்கு கோச். எடுத்துத் தரவா?" என்றவன், தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, வேணாம். மாத்தக் கூடாதுல்ல?"

மாற்றக் கூடாதுதான். ஓர் அடிகூடத் தராமல் ஒருவன் எறிந்துகொண்டிருக்கும்போது பேஸ்பால்காரன் எதையும் மாற்ற மாட்டான். உட்கார்ந்த இடத்தை மாற்ற மாட்டான், மென்று சக்கையான பபிள்கம்மைத் துப்ப மாட்டான். அந்த எறிபவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான். உன்ரூ பெஞ்சின் கோடியில் தீண்டத் தகாதவன்போலத் தனியே உட்கார்ந்திருந்தான். லைல் படித்தவர், இதெல்லாம் மூடத்தனம் என்று தெரிந்தவர். தெரிந்து என்ன செய்ய? பழைய அட்டையோடு தன் இடத்துக்கே திரும்பினார்.

ஏழாவது இன்னிங்ஸில் உன்ரூவுக்கு மூன்று பந்துகள் வரிசையாக, அடிக்கத் தக்க எல்லைக்கு வெளியே தவறின. நான்காவதும் தவறினால் மட்டையாளர் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்துவிடுவார். அந்த நேரத்தில் உலகமே குறி தப்பாத நேரான வேகப்பந்தைத்தான் எறியும். லைல் விரலுக்கு வந்த எண்ணைக் காட்டினார். அட்டையைப் படித்த பாரியோஸின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. சைகை போயிற்று. உன்ரூ ஒரு கணம் பெஞ்சைப் பார்த்தான். பிறகு தலையசைத்து எறிந்தான். மெதுவான வளைபந்து. மட்டையாளரின் தோளுயரத்தில் கிளம்பி, காற்றையும் மதிக்காமல், படியிறங்குவதுபோல இறங்கி எல்லையின் மூலையைத் தொட்டது. நடுவரே ஒரு நொடி கழித்துத்தான் சரியான பந்து என்று கையைத் தூக்கினார்.

லைலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடமும் பந்து கையைவிட்டுப் போகும்போதே அவர் அடுத்த எண்ணைத் தேடி அட்டையில் குனிந்துவிடுவார். இன்று தேட ஒன்றுமில்லை. அதனால் பார்த்தார். அந்தப் பையனின் இடுப்பு திரும்புவதை, மணிக்கட்டு மடங்குவதை, தையல் சிவப்பாகச் சுழன்று வருவதை, முழுசாக, கடைசிவரை பார்த்தார். இவ்வளவு அழகான ஒன்றின் பக்கத்திலேயே வாழ்ந்தும் அதைப் பார்க்காமலே இருந்திருக்கிறோமே என்று தோன்றியது.

ஒன்பது இன்னிங்ஸிலும் மூன்று மூன்று பேராக இருபத்தேழு பேர் வந்தார்கள், இருபத்தேழு பேரும் திரும்பினார்கள். பையன்கள் உன்ரூவைக் கீழே தள்ளி அவன்மேல் மலையாகக் குவிந்தார்கள்.

ஹாஸ்கின்ஸ் வேலியோரம் வந்து கையைப் பிடித்தார். "யோவ் லைல், மூணு தப்பினப்புறம் வளைபந்தா? உனக்கு நெஞ்சா, இரும்பா? ஜூலைல மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துரு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லைல் அட்டையை நீட்டினார். "தேதியப் பாரு வெண்டல். போன வாரத்துது. இன்னிக்கு ஒரு பந்துகூட நான் சொன்னதில்ல."

ஹாஸ்கின்ஸ் அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கப் போனார், முடியவில்லை. "அப்ப நீ என்னதான்யா பண்ணின?"

"உக்காந்து பார்த்தேன்."

"அதுக்கு என்கிட்ட ஏற்கெனவே ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வருத்தத்தோடுதான் என்றாலும், ஹாஸ்கின்ஸ் கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடந்தார்.

உன்ரூ தோளில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். இனி அவனோடு பேசலாம். எத்தனையோ பையன்களுக்கு எப்படி எறிவது என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்த லைல், முதல்முறையாக ஒருவனிடம் கேட்டார்.

"ஏழாவதுல அந்த வளைபந்து. அத எப்படிடா போட்ட?"

உன்ரூ அவரை விசித்திரமாகப் பார்த்தான்.

"மொதல்ல பயந்துட்டேன் கோச். யாராச்சும் அந்த நேரத்துல அதப் போடுவாங்களா? ஆனா கேட்டது நீங்க. எனக்குத் தெரியாதது ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அப்புறம் பயமே வரல."

லைல் போன வாரத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.  பையனுக்குப் பக்கத்தில், பெஞ்சின் அந்தக் கோடியில், மெல்ல உட்கார்ந்துகொண்டார்.