வலது காதுக்கு மட்டும்

தேவநேசன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பம்பாய்க்குத் தள்ளி இருந்த அந்தத் தமிழ்க் காலனியின் பால் பூத்தில் வரிசையில் நின்று இரண்டு பாட்டில் வாங்கினான். ஒன்று போதும், பால் கார்டில் இன்னும் இரண்டு என்றே இருந்தது. ஸ்டவ்வுக்குக் காற்றடித்து டீ போட்டான். நேற்றைய பாவ் ரொட்டியை டீயில் முக்கித் தின்றான். குளித்தான். ஷூவுக்குப் பாலிஷ் போட்டான். மாணவர்கள் வருமுன் கல்லூரி ஆய்வுக்கூடத்தைத் திறக்க வேண்டியவன் அவன். வீட்டைப் பூட்டும்போது மாடியிலிருந்து ஹெர்பர்ட் கூப்பிட்டான்.

“தேவா, பாஞ்ச் மினிட், அஞ்சே நிமிசம். மேல வாடே. நாளைக்கு பம்பாய் போய்க் கப்பல் ஏறணும்.”

ஹெர்பர்ட் கப்பலில் ரேடியோ ஆபீசர். கல்யாணமாகாதவன். ஊரில் இருக்கும் மாதங்களில் சர்ச் பாடகர் குழுவின் ஒத்திகையை டேப்பில் பிடிப்பான். தேவநேசனின் மனைவி பிலிஸ் அந்தக் குழுவில் ஆல்ட்டோ என்னும் கீழ்க்குரல் பாடினாள். மஞ்சள் காமாலையில் அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழுவினர் மாடிக்குப் போய், ஹெர்பர்ட்டின் ஹெட்போனில் தங்கள் தப்புகளைக் கேட்பார்கள். மற்றவர்கள் ஒரு பாட்டோடு இறங்கிவிடுவார்கள். பிலிஸ் ஒரு மணி நேரம் இருப்பாள். மாடிக்குப் போகுமுன் இரண்டு தோடுகளையும் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே ஒரு சாசரில் வைத்துவிட்டுப் போவாள். கீழே தேவநேசன் பேப்பரை விரித்துக்கொண்டு சாசரைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அவன் மாடி ஏறினான். ஹாம்பர்க்கில் வாங்கிய ஹெட்போன் மேஜைமேல் இருந்தது. அந்த விலைக்குப் பழைய ஸ்கூட்டர் வாங்கலாம் என்று காலனியில் பேச்சு. காதை மூடும் கிண்ணங்கள் வால்நட் மரம், உள்ளே கறுப்புத் தோல் மெத்தை, சுருள் வயர். அழகான சாமான்தான். அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

“போட்டுக்கோ,” என்றான் ஹெர்பர்ட்.

முன்பு ஒரு தடவை போட்டிருக்கிறான். அன்று ஹெர்பர்ட் ஒரு ரயில் ஓசையை ஓடவிட்டு, இடமிருந்து வலமாகப் போகிறதா என்று கேட்டான். தேவநேசன் தலையாட்டினான். அவனுக்கு இடது காது எட்டு வயதிலேயே சீழ் பிடித்துச் செத்துவிட்டது. வேலைக்கான மருத்துவச் சோதனையில்கூட மறைத்த சங்கதி. கல்யாணமான மறுநாள் பிலிஸிடம் மட்டும் சொன்னான்.

இப்போது தோல் முதலில் குளிர்ந்து, பிறகு வெதுவெதுப்பானது. இவ்வளவு கனமான பொருள் தலையில் உட்கார்ந்ததே தெரியவில்லை. டேப் சுழன்றது. பாட்டுக்கு முன் தாள் புரளும் ஓசை, யாரோ செருமியது, பெஞ்சின் கிறீச். பிறகு நான்கு குரல்களும் ஒன்றாக எழுந்தன. ஒன்றும் குறையவில்லை. எல்லாம் வலது காதில்.

அவன் கழற்றினான். “இந்தத் தடவை ஒண்ணும் விடாமக் கேக்குது.”

“ரெண்டு பக்கமும் வலதுலயே வர்ற மாதிரி வயரை மாத்தி சால்டர் பண்ணியிருக்கேன். பிலிஸ் அப்பவே பண்ணித் தரச் சொல்லிச்சு. உன் காது விஷயம் சொல்லிச்சு.”

“உங்கிட்டயா?”

“ரயில் தெக்க போகுதா வடக்க போகுதான்னு தெரியாமத் தலையாட்டுறான், உம் புருஷனுக்குக் கழுதைக் காதுன்னு கிண்டல் பண்ணேன். பெரிய சண்டை போட்டுட்டுது. ஒரு வாரம் பேசலை.”

தேவநேசனோடு அவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

“தோட்டை ஏன் கழட்டுவா?” என்றான். குரல் அவன் நினைத்ததைவிடப் பலமாக வந்தது.

ஹெர்பர்ட் விழித்தான். “அரே, ஒரு மணி நேரம் போட்டா மெத்தை தோட்டை அழுத்தும்லா. திருகு குத்தும். பொம்பளைங்க எல்லாரும் கழட்டுவாங்க. இதைப் போய்…”

அவன் முடிக்கவில்லை. ஹெட்போனை மறுபடி தேவநேசனுக்கு மாட்டினான். தானும் வலது கிண்ணத்தோரம் காதை வைத்து விரலைத் தூக்கினான். “இந்தா, இப்ப. இந்த மூச்சு பிலிஸ்.”

தேவநேசன் கேட்டான். ஆறேழு பெண்கள். எது அவள் என்று தெரியவில்லை. மூன்று வருடம் பக்கத்தில் படுத்தவனுக்குத் தெரியவில்லை. விரல் தூக்கியவனுக்குத் தெரிந்தது.

“ஆமா,” என்றான். பழைய தலையாட்டல்தான்.

“இதை நீ வச்சுக்கோ. டேப்பும் மெஷினும் இங்கயே இருக்கட்டும். சாவி தாரேன்.” ஹெர்பர்ட் சுருள் வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டான், “பிலிஸ் வருஷ நினைவுக் கார்டை இன்னைக்கு நாந்தான் அச்சுக்குக் குடுக்கேன். கடைசி வார்த்தையா அந்த பைபிள் சங்கீத வசனத்தைப் போடச் சொன்னியாமே. நெசமா சொல்லிச்சா? பிலிஸ் வசனம் சொல்ற ஆளு இல்லையே.”

பாதிரியார் கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தான் தேவநேசன். காலனியில் செத்த எல்லாருடைய கார்டிலும் ஒரு வசனம் இருக்கும். அவள் போன அன்று ஆஸ்பத்திரி அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை. நர்ஸ்கூட இல்லை. ஹெர்பர்ட்டிடம் அதற்கு டேப் கிடையாது.

“சொன்னா,” என்றான். “அதையே போடு.”

ஹெட்போனை மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கினான். எட்டு மணி பஸ் போய்விட்டிருந்தது. ஸ்டாப்பில் நின்று, ஒருவருக்கும் கொடுக்காத அந்தக் கடைசி வார்த்தையை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். கண்ணைத் திறக்காமல், எரிச்சலோடு அவள் சொன்னது:

“கேன்டீன்ல திங்காதீங்க, எண்ணெய் நாறுது. எதிர்க்கப் போய் வடா பாவ் சாப்பிடுங்க. ரெண்டு சாப்பிடுங்க.”