கூலி வாங்காத வெள்ளைக்காரி

கூலி வாங்காமல் ஒருத்தி வேலை செய்கிறாள் என்றால் கெங்கம்மாளுக்குச் சந்தேகம் தட்டும். நாற்று நட்டுப் பிழைத்தவள், இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி மடிக்கிறவள். சும்மா என்று யாரும் அவளுக்கு எதையும் தந்ததில்லை, அவளும் யாருக்கும் தந்ததில்லை.

பாரிவாக்கத்துப் பிள்ளைகள் இல்லத்தில் அந்த எண்பத்தெட்டாம் வருஷம் வந்து இறங்கியிருந்தாள் இங்கிரிட். டென்மார்க்காம். இருபது வயதுகூட இருக்காது. பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தாள், மூக்குத் துடைத்தாள், பாவாடை துவைத்துப் போட்டாள். சம்பளம் கிடையாதாம். விமான டிக்கெட்டும் அவள் கைக்காசாம்.

“பேன் பாக்க ஏரோப்ளேன் ஏறி வருவாளா ஒருத்தி?” என்றாள் மேனாம்பேட்டில் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். “கொயந்தைய தூக்கினு பூடுவாங்கடி. ஆத்தா அப்பன் இல்லாததா பாத்து எடுப்பாங்க. கேக்க நாதி இருக்காது பாரு.”

அங்கேதான் கெங்கம்மாள் வசமாக மாட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் எவளோடோ போய்விட்டான். விடிந்தால் கம்பெனி, பொழுது சாய்ந்தால் வீடு. நடுவில் பிள்ளையை யார் பார்ப்பது? இல்லத்தில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். பெற்ற மகள் ராணியைச் செத்துப்போன தங்கச்சி மகள் என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். இல்லாத தங்கச்சியைச் சாகடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

பார்க்கப் போகிற ஞாயிறுகளில் வேப்பமரத்தடியில் பரீட்சை நடக்கும்.

“ஒங்கம்மா எங்க?”

“செத்துப்பூட்டாங்க.”

“நான் யாரு?”

“பெரீம்மா.”

சரியாகச் சொன்னால் பொரி உருண்டை. ராணி கெட்டிக்காரி, ஒருமுறைகூட உருண்டையை விட்டதில்லை.

ஒரு ஞாயிறு போனபோது ராணி ஸ்பூனால் சோறு தின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக்காரி பழக்கியதாம். இதை எந்த ஊருக்குப் பழக்குகிறாள்? அடுத்த முறை, செய்தித்தாளின் மேல் ராணியின் காலை வைத்து இங்கிரிட் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். அதற்கடுத்த முறை கேமராவோடு வந்து, இரண்டு பேரையும் சேர்ந்து நிற்கச் சொல்லிச் சைகை காட்டினாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கெங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ராணிக்கும் அவளுக்கும் ஒரே தெத்துப்பல்.

கேட்கவும் முடியாது. பெரியம்மாக்காரிக்கு என்ன உரிமை? பெற்றவள் என்று சொன்னால் அன்றைக்கே பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். பூட்டிய வீட்டுக்குள் பகல் முழுக்க ராணி தனியாகக் கிடக்க வேண்டும். வாயைத் திறந்தாலும் போச்சு, மூடினாலும் போச்சு. கெங்கம்மாள் வெந்துபோனாள்.

தை மாதத்து ஞாயிறன்று அவள் போனபோது இல்லத்து வாசலில் ஒரு அம்பாசடர் நின்றது. டிக்கியில் இங்கிரிட்டின் பெட்டி. பக்கத்தில் ராணி, காலில் புத்தம்புது ஷூ. இங்கிரிட் குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கெங்கம்மாள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“எறக்குடி எம் பொண்ண!”

பிடுங்கிய வேகத்தில் இங்கிரிட் காரில் மோதிக்கொண்டாள். சத்தம் கேட்டு வார்டன் பார்வதம் டீச்சர் ஓடிவந்தார்.

“என்ன கெங்கம்மா இது? அந்தப் பொண்ணு இன்னைக்கு ஊருக்குப் போகுது. பிள்ளைகிட்டச் சொல்லிக்கிட்டுப் போறது தப்பா?”

“நான்தான் டீச்சர் பெத்தவ! பெரீம்மா இல்ல. பொய் சொல்லிட்டேன். என்னிய இன்னா வோணா பண்ணுங்க, எம் மவள மட்டும் அனுப்பாதீங்க!”

டீச்சருக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அத்தனை பேர் காலிலும் அதே ஷூ. கெங்கம்மாள் அதைப் பார்த்தாள். சொன்ன சொல்லை இனி விழுங்க முடியாது. இங்கிரிட் ஒன்றும் புரியாமல் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு அழுதாள்.

டீச்சர் ராணியின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு கண்ணு. இவங்க யாரு?”

ராணி அம்மாவைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் பரீட்சை நடந்ததே இல்லை. பிடியிலிருந்து நழுவி இறங்கிக் கைகட்டி நின்றாள்.

“பெரீம்மா, டீச்சர். எங்கம்மா செத்துப்பூட்டாங்க.”

பிறகு தெத்துப்பல் தெரியச் சிரித்து, உருண்டைக்காகக் கெங்கம்மாளிடம் கையை நீட்டினாள்.