அடிபட்ட நேரம்

நூல் மேஸ்திரி என்றால் கட்டட வேலைக்காரர்களில் தெரியாதவர் கிடையாது. அவர் நூல் பிடித்துக் கட்டிய சுவர் இம்மியும் பிசகாது. வாக்கும் அப்படித்தான் என்று பேர் வாங்கியிருந்தார். அந்த மனுஷன்தான் அன்று பன்னிரண்டு மணிக்கு, மருத்துவமனையின் அவசரப் பிரிவில், வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். மாப்பிள்ளை சாரத்திலிருந்து விழுந்தது பதினொன்றரைக்கு என்றார்.

விழுந்தது எட்டரைக்கு. மாப்பிள்ளை என்பது அவருடைய ஒரே தங்கையின் புருஷன். அவரைத் தன் கீழ் வேலைக்கு வைத்ததும் மேஸ்திரிதான், அவசர வேலை என்று இடுப்புப் பெல்ட் இல்லாமல் இரண்டாம் மாடிச் சாரத்தில் ஏற்றியதும் மேஸ்திரிதான். அன்று பார்த்துப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்கு வந்து நின்றார்கள். விழுந்தவர் தானே எழுந்து உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், இடது விலாவில் மட்டும் வலிக்கிறது என்றார். அதிகாரிகள் போகட்டும் என்று சிமெண்டு ஷெட்டில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, மேஸ்திரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். போகிறவர்களாவது சீக்கிரம் போனார்களா? பதினொன்றரைக்கு அவர்கள் வண்டி கிளம்பியபோது மாப்பிள்ளையின் உதடு வெளுத்து, உடம்பு சில்லிட்டு, கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

வயிறு முழுக்க ரத்தம், உடனே அறுவை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தியேட்டரைத் தயார் செய்கிற அந்த இடைவெளியில்தான் ஆராய்ச்சி நர்ஸ் வந்தார். கையில் ஒரு படிவம், கழுத்தில் ஒரு சின்னக் கடிகாரம். உள்ளுக்குள் ரத்தம் கசிவதைக் கட்டுப்படுத்துமா என்று ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். எண் போட்ட பெட்டிகள் இருக்கின்றனவாம். பாதியில் மருந்து, பாதியில் உப்புத்தண்ணீர், எதில் எது என்று தனக்கே தெரியாது என்றார். சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மற்ற வைத்தியம் ஒன்றுதான். நோயாளிக்கு நினைவில்லாததால் உறவினர் கையெழுத்துப் போடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

"ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம்," என்றார் நர்ஸ். "அடிபட்டு மூணு மணி நேரத்துக்குள்ள குடுத்தாகணும். அதுக்கு மேல போச்சுன்னா கெடுதல் பண்ணிடலாம். பதினொண்ணரைங்கறது சரிதானே?"

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே காலைக் காட்டியது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பாதி வினை தீர்ந்திருக்கும். ஆனால் பயந்தவன் கணக்கு என்றைக்கு நேராக வந்தது? வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள், ஏன் என்று வந்துவிட்டால் பெல்ட், ஷெட், சாக்கு எல்லாம் வெளியே வரும், போலீஸ் வரும். பாதிக்குப் பாதி வெறும் உப்புத்தண்ணீர்தானே, பெட்டி எண் காப்பாற்றட்டும் என்று நினைத்தார். சரிதான் என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். கோடு கோணாத அவர் கை அன்று கோணிற்று.

நர்ஸ் உள்ளே போகுமுன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். மாப்பிள்ளையின் சட்டை, செருப்பு, போன். போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று வந்தது, தங்கையின் எண்ணை மாப்பிள்ளை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே கூட வந்த வேலையாள் ஒருவர் தகவல் சொல்லிவிட்டதால் தங்கை வந்துகொண்டிருந்தாள். பாவம், இன்னும் புருஷன் போனுக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் பத்து மணிக்கும் இப்படித்தான், போன் ஷெட்டுக்கு வெளியே கிடந்ததால் அவர் எடுக்கவில்லை, உடனே அண்ணனுக்குப் போட்டாள். மேலே வேலையாக இருக்கிறார், கை ஒழிந்ததும் பேசுவார் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். இப்போது அந்தப் போன் அவர் உள்ளங்கையில் விடாமல் அதிர்ந்தது.

கண்ணாடிக்கு அப்பால் நர்ஸ் பெட்டியைப் பிரித்து, மருந்துப் பையைக் கம்பியில் மாட்டி, குழாயை எடுத்தார். மேஸ்திரி சிமெண்டுக் காலோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"சிஸ்டர், போடாதீங்க. எட்டரைக்கே விழுந்துட்டாரு. நான் பொய் சொல்லிட்டேன்."

நர்ஸ் குழாயைக் கிடுக்கி போட்டு மூடினார். ஒரு சொட்டும் இறங்கியிருக்கவில்லை. திட்டியிருந்தால்கூட மேஸ்திரிக்குத் தேவலையாக இருந்திருக்கும், அவர் திட்டவில்லை. நாலு மணி நேரமாக உள்ளே கசிகிறது என்று டாக்டரிடம் உரக்கச் சொன்னார். டாக்டர் இன்னும் கூடுதலாக ரத்தம் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மேஸ்திரியை ஒரே ஒரு தடவை பார்த்தார். கட்டில் தியேட்டருக்குள் போனது, கதவு மூடியது. மேஸ்திரி வெளியே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் படிவத்தோடு வெளியே வந்தார். மாப்பிள்ளை ஆராய்ச்சியில் இல்லை, ஆனாலும் எழுதியதைத் திருத்தியாக வேண்டும். மேஸ்திரி மை பூசி அழிக்கப்போனார். நர்ஸ் தடுத்தார். அழிக்கக் கூடாதாம். ஒரே கோடு போட வேண்டும், பழையதும் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியான நேரம், கீழே காரணம். மேஸ்திரி கோடு போட்டார். எட்டரை என்று எழுதினார். காரணத்துக்குப் பேனா நகரவில்லை.

தங்கை வந்தது அவருக்குத் தெரியாது. தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நேரமும் தெளிவாகத் தெரிந்தன.

"பத்து மணிக்கு நான் போன் பண்ணேனேண்ணா," என்றாள். "அப்ப அவரு எங்க இருந்தாரு?"

"என் பக்கத்துலதாம்மா. படுத்திருந்தாரு."

"நான் பேசினது அவருக்குக் கேட்டுச்சா?"

மேஸ்திரி பேனாவைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சும்மா. குடுங்கன்னு கையை நீட்டினாரு. நான்தான் எந்திரிச்சுத் தள்ளிப் போயிட்டேன்."