நியாயமின்றி எரிச்சலூட்டிய வழக்கு

ஜெர்லின் கட்டுபிக் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். தாய்லாந்துப் பள்ளி ஒன்று அவளைத் திரை வழியே இரண்டு முறை நேர்காணல் செய்து, பிடித்துப்போய், வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு காகிதம்: குற்றப் பின்னணி எதுவும் இல்லை என்கிற அரசாங்க நற்சான்று. அதை மாதக் கடைசிக்குள் அனுப்பியாக வேண்டும்.

நற்சான்று தரும் டுமகெட்டே நகர அலுவலகத்தில் புகைப்படமும் பத்து விரல் ரேகையும் எடுத்துக்கொண்ட பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "ஹிட் வந்திருக்கு மேடம், உங்க பேருல ஏதோ பதிவு காட்டுது. பத்து வேலைநாள் கழிச்சு வாங்க" என்றாள்.

ஜெர்லின் கவலைப்படவில்லை. கூட வேலை பார்க்கும் நோரெலின் சிரித்தாள். "எனக்கும் வந்துச்சுடி. என் பேருல மிண்டனாவோ பக்கம் எவளோ ஆடு திருடியிருக்கா. அவ இல்ல நான்னு பார்த்துட்டு குடுத்துட்டாங்க."

பத்து நாள் கழித்துப் போனபோது அவளை உள்ளே ஓர் அறைக்கு அனுப்பினார்கள். நரைத்த அதிகாரி ஒருவர் பிறந்த தேதி கேட்டார், அம்மாவின் பெயர் கேட்டார், திரையோடு ஒப்பிட்டார்.

"அப்ப இது நீங்கதான் மேடம்."

"எது சார் நானு?"

"ரெண்டாயிரத்துப் பதினாலுல உங்க மேல ஒரு வழக்கு. பிடிவாரண்டும் போட்டிருக்காங்க."

"என்ன வழக்கு?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "நியாயமின்றி எரிச்சலூட்டுதல்."

ஜெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"யாரை எரிச்சலூட்டினேன் சார்?"

"அதெல்லாம் லினாவான் கோர்ட்டுல கேக்கணும். எங்களுக்கு வழக்கோட பேரும் நம்பரும்தான் வரும். வழக்கு முடிஞ்சதுன்னு அங்கேர்ந்து காகிதம் கொண்டாங்க, நற்சான்று தர்றோம்."

"இப்ப என்னைப் பிடிச்சிடுவீங்களா?"

"சீக்கிரம் போயிடுங்க மேடம்" என்றார். அது ஆமாவா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். லினாவானில் அவள் இருந்ததே ஐந்து மாதம்தான். கல்லூரிக் கடைசி வருடம், பயிற்சி ஆசிரியையாக. அங்கே யாரோடும் சண்டை போட்டதாக ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு மூன்று தேர்தலில் வாக்குப்பெட்டியைக் காவல் காத்து உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு பக்கமும் போலீஸ்காரர்களோடு. அவர்களுக்குக் காப்பி கூட வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அப்போதெல்லாம் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார்களா?

லினாவான் நீதிமன்றத்தில் எழுத்தர் பழைய அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து வருவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டே பக்கம். புகார் கொடுத்தவர் தியோபில்டா ஒமாந்தம், சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். செப்டம்பர் பதினான்காம் தேதி மாலை மூன்று மணிக்கு, பலர் முன்னிலையில், எதிரி தன்னைப் பார்த்து அவமதிக்கும் விதமாகச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். சம்மன் இரண்டு முறை அவள் தங்கியிருந்த விடுதிக்குப் போயிருக்கிறது. அதற்குள் அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

"சிரிச்சதுக்கா?" என்றாள்.

"இதுக்கெல்லாம் வழக்கு இருக்கு மேடம். நீங்க ஆஜராகாததுதான் வாரண்டு வரைக்கும் கொண்டு போயிடுச்சு" என்றார் எழுத்தர். "அந்த அம்மா இன்னும் சந்தைலதான் இருக்கு. வழக்கு வேணாம்னு எழுதிக் குடுத்தா நீதிபதி தள்ளிடுவாரு. நீங்களே போய்ப் பேசுங்க."

சந்தையில் வாழையிலையில் சுருட்டிய ஒட்டரிசிச் சோறும் சூடான சாக்லேட் பானமும் விற்றுக்கொண்டிருந்தாள் தியோபில்டா. ஜெர்லினைக் கண்டதும், "உக்காரு இன்டாய், உக்காரு மகளே, எத்தனை வைக்க?" என்றாள்.

"நாங்" என்று வயதில் பெரிய பெண்களைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டாள். "நான் ஜெர்லின். உங்க கடைக்குப் பக்கத்து விடுதில இருந்தேன். நீங்க என் மேல வழக்குப் போட்டிருக்கீங்க."

"நானா? உன் மேலயா?" தியோபில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"நான் சிரிச்சேனாம்."

கிழவி அவளையே உற்றுப் பார்த்தாள். பிறகு அடுத்த கடைக்காரியைப் பார்த்தாள். அவள், "உனக்கு மறந்துபோச்சா? அந்த வருஷம் நீ யார் மேலதான் வழக்குப் போடல? சர்ச் சாமியாரோட வண்டிக்காரன் மேல கூட போட்டியே!" என்று கத்தினாள்.

தியோபில்டா வந்து ஜெர்லின் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். குரல் தணிந்துவிட்டது.

"அந்த வருஷம்தான் என் புருஷன் செபுவுல ஒருத்தியோட போயிட்டான். ஊருக்கே தெரியும். தெருவுல யாரு பல்லைக் காட்டினாலும் என்னைப் பார்த்துதான்னு இருக்கும். வெறி புடிச்சவ மாதிரி கோர்ட்டுக்கு ஓடுவேன்." ஜெர்லின் பக்கம் குனிந்தாள். "நீ சிரிச்சியா?"

ஜெர்லினுக்கு அந்தக் கடை ஞாபகம் இருந்தது. வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கூடப் படித்த மூன்று பேர். அவர்கள் எதற்கெல்லாமோ சிரிப்பார்கள். தியோபில்டாவின் புருஷனைப் பற்றி விடுதியில் பேச்சு அடிபட்டதும் மெல்ல நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த மாலை? இருபத்திரண்டு வயதில் ஒரு செப்டம்பர் மாலை மூன்று மணிக்கு அவள் முகம் எப்படி இருந்தது?

இல்லை என்று சொல்லிவிடலாம். கையெழுத்து உடனே கிடைத்துவிடும்.

"தெரியல நாங். சிரிச்சிருப்பேனோ என்னமோ. நிஜமாவே தெரியல."

"எனக்கும்தான் தெரியல" என்றாள் தியோபில்டா. எதையோ தேடுகிறவள் போல வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சோற்றுச் சுருள் இரண்டை அவள் முன் வைத்தாள். "சாப்பிடு. கடையை அடைச்சிட்டு வர்றேன்."

தியோபில்டா கையெழுத்துப் போட்டாள். ஆனால் நீதிபதி மணிலாவில் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, வாரண்டை ரத்து செய்து, வழக்கைத் தள்ளுபடி செய்து, முத்திரை வைத்த நகல் ஜெர்லின் கைக்கு வரும்போது மாதம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நற்சான்று கிடைத்தது, சுத்தமாக. அந்தப் பள்ளி வேறு ஆளை எடுத்துக்கொண்டுவிட்டது.

அடுத்த பருவத்தில் தாய்லாந்திலேயே இன்னொரு பள்ளிக்கு விண்ணப்பித்தாள். படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: உங்கள் மீது எப்போதாவது குற்றவழக்குப் பதிவாகியிருக்கிறதா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும், செபுவில் இருந்த முகவர் பெண்மணியைப் போனில் கூப்பிட்டாள். "நற்சான்று சுத்தமா இருக்குல்ல? இல்லைன்னு போடு. தானா போய்க் குழி வெட்டாத" என்றாள் அவள். நோரெலினோ, "பின்னால தெரிஞ்சா மறைச்சேன்னு விசாவையே பிடுங்கிடுவாங்கடி" என்று பயமுறுத்தினாள். இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. மூன்று நாள் படிவத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் ஆம் என்று குறித்து, விளக்கம் கேட்ட இடத்தில், "ஒருவரைப் பார்த்துச் சிரித்ததாக. தள்ளுபடியானது" என்று எழுதி, நீதிமன்ற நகலையும் இணைத்து அனுப்பினாள்.

ஒருவாரம் பதில் இல்லை. எட்டாம் நாள் வந்த கடிதத்தைத் திறந்தாள். வழக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. மே மாதம் முதல் தேதி வேலையில் சேர வேண்டும், சீருடை தைப்பதற்குத் தோள் அளவும் கை நீளமும் உடனே அனுப்பவும் என்று இருந்தது. படித்தார்களா, படிக்கவே இல்லையா என்று ஜெர்லினுக்கு விளங்கவில்லை. கடிதத்தை இன்னொரு முறை முழுக்க வாசித்துவிட்டு, அளவு நாடா இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்கப் போனாள்.