பெல்ட் போட்ட டயர்

வண்டியின் இடது பக்கக் கதவைத் திறந்தேன். என் இடத்தில் டயர் உட்கார்ந்திருந்தது. சும்மா இல்லை, பெல்ட் வேறு போட்டிருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த பெல்ட்டை மாட்டிவிட அவர் கை ஒரு நாளும் நீண்டதில்லை. டயருக்கு மட்டும் முறுக்கில்லாமல் நேராக்கி, அழகாக மாட்டியிருந்தார்.

"நீ பஸ்ல வந்துரு நல்லம்மா," என்றார், தெருவைப் பார்த்தபடி. "கே.எல். பஸ் பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாத்தானே போகுது."

அது எண்பத்தாறாம் வருஷம். அந்த நீல பிக்கப்பின் கதவில் 'நாகையா சமையல், கிள்ளான்' என்று எழுதியிருக்கும். நாகையா என் வீட்டுக்காரர். அவருக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது. சமைப்பது நான், ஓட்டுவது அவர். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களுக்குக் கிள்ளானில் சமைத்து, அண்டாக்களை ஏற்றி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபங்களுக்குக் கொண்டுபோவோம். ஸ்பேர் டயர் இல்லாமலே போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை போனோம். ஷா ஆலமில் பஞ்சராகி, மத்தியானப் பந்தி நாலு மணிக்குப் போட்டார்கள். மாப்பிள்ளையே மயங்கிவிட்டார்.

டயருக்கு இந்த மரியாதை ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் அது வண்டிக்கு அடியில் சங்கிலியில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் காப்பார் ரோட்டில், பாலத்து இறக்கத்தில் பிரேக் போட்டபோது, எங்களை முந்திக்கொண்டு ஒரு டயர் உருண்டு போனது. "நம்ம டயர் மாதிரியே இருக்குல்ல," என்றார் இவர். அது ரோட்டோரத்து லோங்காங் சாக்கடையில் குதித்த பிறகுதான் இறங்கிப் பார்த்தார். பட்டறைக்காரர் தம்புசாமி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வெல்டிங் வைக்க இரும்பு வேணும்லா அண்ணே. இங்க துருதான் இருக்கு."

நான் அன்றைக்கே சொன்னேன். வண்டி வாங்கிப் பூசை போட்டபோது ஐந்து எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். நாலு சக்கரத்துக்கு நாலு, ஸ்பேருக்கு ஒன்று. "ஓடாத சக்கரத்துக்கு எதுக்குப் பழம்?" என்று ஐந்தாவதை இவர் ஐஸ் தண்ணீரில் பிழிந்து குடித்துவிட்டார். பழம் கிடைக்காத சக்கரம் எப்படி ஓர் இடத்தில் தங்கும்?

பிறகு பின்னால் அண்டாக்களோடு வைத்துப் பார்த்தோம். சாக்கில் சுற்றி, தார்ப்பாயில் கட்டித்தான் வைத்தேன். "ஆன்டி, பாயாசத்துல என்ன எசென்ஸ் போட்டீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல பிள்ளை, ஒரு கிண்ணம் குடித்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

அடுத்து கூரை. அன்று கந்தையா வீட்டுக் கல்யாணம். யாழ்ப்பாணத்து மனிதர், ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டபத்து வாசலில் நுழையும்போது மேலே ஏதோ உரசியது. தோரணம், ஒரு வாழைமரம், 'நல்வரவு' பலகை எல்லாம் டயரில் மாட்டிக்கொண்டு சமையல்கட்டு வரைக்கும் எங்களோடு வந்துவிட்டன. கந்தையா பின்னாலேயே நடந்து வந்தார். அவர் எதற்கும் ஓடுகிறவர் இல்லை. "நாகையா," என்றார், "எங்கட வாசல எங்க கொண்டு போறீர்?"

கடைசியாக முன் பம்பரில் கம்பி வைத்து ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டித் தந்தார் தம்புசாமி. வண்டி காட்டிலாகா வண்டி போல் ஆகிவிட்டது. இவருக்கு ஒரே பெருமை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இவர் வீட்டில் பேசமாட்டார். எது கேட்டாலும் 'ம்' தான். ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் வாய் திறக்கும். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இருக்கலாம். பெரியவளை நர்சிங்குக்கு அனுப்ப முடிவு செய்ததும் அந்த வண்டியில்தான், தன் அம்மா செத்ததற்கு இவர் அழுததும் அந்த வண்டியில்தான். பிள்ளை பெற்றதைத் தவிர எங்கள் குடும்பத்தில் நடந்ததெல்லாம் கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் நடுவில் நடந்ததுதான்.

டயரை முன்னால் மாட்டிக்கொண்டு போன அன்றும், பத்து தீகா ஊரைத் தாண்டும்போது ஆரம்பித்தார். "நல்லம்மா, நான் ஒன்னு யோசிச்சு வச்சிருக்கேன். இந்த வருஷத்தோட நாம ரெண்டு பேரும்..."

முன்னால் புஸ்ஸென்று ஆவி கிளம்பி ரோடு மறைந்துவிட்டது. டயர் காற்றை மறித்ததில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பின்னால் ரசம் ஆறிக்கொண்டிருந்தது, முன்னால் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பந்தியில் கை கழுவ வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றித்தான் போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு என் இடத்தில் டயர்.

பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். இந்த வருஷத்தோட நாம ரெண்டு பேரும் என்ன? சமையலை விடுகிறோமா? பழனிக்குப் போகிறோமா? பிரிகிறோமா? வீட்டில் கேட்டேன். 'ம்' என்றார். ஒரு நாள் பஸ்ஸிலேயே அழுகை வந்துவிட்டது. ஒரு டயரைப் பார்த்து வயிறெரிந்து அழுதேன் என்று யாரிடம் சொல்வது?

மூன்றாவது ஞாயிறு, ஃபெடரல் ஹைவேயில் பெரிய ஜாம். பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தால் பக்கத்து லேனில் எங்கள் பிக்கப். உள்ளே இவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. பாட்டு இல்லை, அந்த வண்டியில் ரேடியோ செத்து வெகு நாளாகிறது. கண் ரோட்டில் இருக்க, ஒரு கையை ஆட்டி ஆட்டி டயருக்கு என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாங், பிந்து புக்கா லா," என்று டிரைவரிடம் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கினேன். பஸ்ஸைச் சுற்றி வந்து பிக்கப்பின் கதவைத் திறந்தேன். இவர் வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

"என்ன சொல்லிட்டு இருந்தீங்க அதுகிட்ட?"

"ஒன்னுமில்ல."

"அது என்ன சொல்லிச்சு?"

கொஞ்சம் யோசித்தார். "குறுக்க பேசல," என்றார்.

பெல்ட்டைக் கழற்றி டயரைத் தூக்கினேன். அண்டா தூக்கிய கைக்கு அது ஒரு பெரிய கனமில்லை. நடுப் பள்ளத்தில் காகிதம் சொருகி, அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது, குங்குமம் வைத்து. வாடாத பழம்.

"இது எப்போ?"

"நீதானே சொன்ன," என்றார், முன்னால் நின்ற லோரியைப் பார்த்தபடி. "வாரா வாரம் மாத்துறேன்."

ஜாம் கலையத் தொடங்கி, பின்னால் ஹார்ன் அடித்தார்கள். பழத்தை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து டயரை மடியில் வைத்துக்கொண்டேன். சேலை போனது போனதுதான். பெல்ட் எங்கள் இரண்டு பேரையும் சுற்றி எட்டவில்லை. இவர் குறுக்கே கையை நீட்டி, தளர்த்தி, இன்னும் கொஞ்சம் இழுத்து, முறுக்கில்லாமல் நேராக்கி மாட்டிவிட்டார்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றேன். "அதுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது."

வண்டி நகர்ந்தது. டேஷ்போர்டில் நான் வைத்த பழம் என் பக்கத்திலிருந்து மெல்ல அவர் பக்கம் உருண்டது. டயர்மேல் முகவாயை வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். ரோட்டைப் பார்த்தபடி அவர் தொண்டையைச் செருமினார்.