தைத்து மூடிய இறக்கை

2019 மார்ச் 9, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பஸ் பணிமனைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்கு விமான ஆய்வாளர் வந்தார்.

ஒரு பஸ் மெக்கானிக்கும் தையல்காரியான அவர் மனைவியும் ஆறு வருடமாக அங்கே இருவர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிவந்தார்கள். கையில் காசு புரண்டபோதெல்லாம் பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். எஞ்சின் பழையது. இறக்கைக்குத் துணி உறை போட்டிருந்தார்கள். தைக்க வீட்டிலேயே ஆள் இருந்தது.

ஆய்வாளர் இறக்கையைத் தட்டிப் பார்த்தார். "உள்சட்டத்த நான் பாக்கறதுக்கு முன்னாடியே ஏன் மூடினீங்க? பாக்காம கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லாம பறக்கவும் முடியாது."

மெக்கானிக் மனைவியைக் கைகாட்டினார். "இவதான் சார். தைக்க உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டா."

"ஊசியில நூல் கோத்துக் குடுத்தது யாராம்?" என்றாள் மனைவி.

அவள் கத்தரியை எடுத்தாள். நான்கு மாதம் தைத்த உறையை நுனியிலிருந்து அடிவரை ஒரே மூச்சில் வெட்டினாள். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாப் பாருங்க சார். வீட்டுக் குழாயத்தான் இந்த மனுஷன் அரைகுறையா விடுவாரு. இதுல ஒரு ஒட்டக்கூட அப்படி விட்டிருக்க மாட்டாரு."

ஆய்வாளர் டார்ச் அடித்து ஒவ்வொரு சட்டமாக நாற்பது நிமிடம் பார்த்தார். "அடுத்த இறக்கையும் பாக்கணுமே" என்று திரும்பினார். அவள் அதையும் பாதி வெட்டியிருந்தாள்.

இரண்டையும் பார்த்து முடித்ததும் கையெழுத்துப் போட்டார். "இனிமே தைக்கலாம்மா."

இந்த முறை தைக்க ஆறு வாரம் ஆயிற்று. இறுதிச் சோதனையிலும் விமானம் தேறியது. ஜூன் 2 காலை, விமானி உரிமம் வாங்கியிருந்த மெக்கானிக் ஓட்ட, பதினொரு நிமிடம் பறந்து, புறப்பட்ட ஓடுதளத்திலேயே இறங்கியது.