ஏறி முடித்த கை

மரத்தில் இருந்த கருப்பண்ணன் மறுபடியும் விழுந்தார். நாற்காலியில் இருந்த கருப்பண்ணன் சிரித்துக்கொண்டார்.

மரத்தில் இருந்தவர் மகள் சுகுணா வரைந்தவர். தலைத்துண்டு, கட்டம் போட்ட லுங்கி, தோளில் தொங்கும் சாக்குப்பை என்று மடிக்கணினித் திரைக்குள் அச்சு அசலாக அப்பாவாகவே நின்றார். கணுக்களே படிகளான ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாத்தி, அதில் படர்ந்த கொடியின் மிளகுச் சரங்களைப் பறித்தபடி அவர் உச்சிக்கிளைக்கு ஏற வேண்டும். பிடி தவறினால் விழுவார். விழுந்தால் அடியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். அதுதான் விளையாட்டு.

சென்னை ஓவியக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு படித்த சுகுணா, விளையாட்டு வடிவமைப்பு மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். தான் உருவாக்கிய விளையாட்டோடு, கணினி விளையாட்டே பழக்கமில்லாத ஒருவர் அதை விளையாடும் குறும்படத்தையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவர் யார் என்று அவள் யோசிக்கவே இல்லை. விடுமுறைக்கு மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டு வீட்டுக்கு வந்த கையோடு, ஒரு மத்தியானம் அப்பாவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

அவள் பள்ளியில் படித்தபோது அவர் மெய்யாகவே மரத்திலிருந்து விழுந்திருக்கிறார். வலக்கை மணிக்கட்டு முறிந்து, எலும்பு கோணலாகக் கூடி, கட்டைவிரல் மடங்காமல் விறைத்துப் போயிற்று. இனி மரம் ஏறாமல் மரவள்ளிச் சாகுபடியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி ஊரே புத்தி சொன்னது. அவரோ, மழை ஓய்ந்ததும் வீட்டுப் பின்னாலிருந்த பலாமரத்தில் ஏணியைச் சாத்தினார். ஒரு கணு ஏறி இறங்கினார். மறுநாளும் அதே கணு. முழங்கையை மூங்கிலில் கோத்துக்கொண்டு இடக்கையால் பறிக்க அவர் தேறுவதற்குள் அடுத்த பறிப்புக் காலமே வந்துவிட்டது. ஜன்னலுக்குள் உட்கார்ந்து அதை வரைந்து வரைந்துதான் சுகுணாவுக்கு ஓவியம் கைவந்தது. கல்லூரி நுழைவுத் தேர்விலும் அந்தக் கையைத்தான் வரைந்தாள். விறைத்த கட்டைவிரலின் நிழல் எந்தப் பக்கம் சாயும் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவள் அமைத்த விளையாட்டை, இரு கையாலும் பிடிக்கும் ஒரு கருவியின் பொத்தான்களை அழுத்தி ஆட வேண்டும். இடக் கட்டைவிரல் ஏற்றியது. வலக் கட்டைவிரல் பிடிக்க வைத்தது. இரண்டும் சேர்ந்து இயங்கினால்தான் ஏற்றம். மாதக்கணக்கில் தன் கையிலேயே வைத்துச் சரிபார்த்த அந்தக் கருவியை அப்பாவின் கையில் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் கேமரா ஓடத் தொடங்கியிருந்தது. அக்கம்பக்கத்தார் வாசலை அடைத்து நின்றார்கள்.

“ஏனுங் மாமா, நெசத்துல உழுந்தது பத்தலீங்களா? பொட்டிக்குள்ளயும் போயி உழுகறீங்க” என்றார் பக்கத்துக் காட்டுச் சின்னுசாமி.

“இதுல உழுந்தா வலிக்கறதில்ல மாப்ள. நீயும் ஒருக்கா உழுந்து பாரு.”

அம்மா கண்ணாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பொட்டிக்குள்ள இருக்கறது நாந்தான்னு ஊடு ஊடாப் போயி ஆளைக் கூட்டியாந்தாரு. இப்பப் பாரு, பலாப்பழமாட்டம் விழுந்துட்டு இருக்காரு.”

“உச்சிக்கு ஏறிப்போட்டுத்தான் எந்திரிப்பேன். என்னைய வெச்சுப் பண்ணுன ஆட்டத்துல நானே ஏறலைன்னா எப்புடி?”

மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். “அத்தை, மாமனுக்குச் சோத்தை மரத்தடியிலயே வெச்சிருங்க” என்றார் சின்னுசாமி. வாசலில் சிரிப்பு அலையடித்தது. சுகுணாவுக்கு முகம் சூடேறியது. அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது ஒருபுறம். உச்சியைத் தொடாத குறும்படத்தை எப்படி அனுப்புவது என்ற கவலை மறுபுறம். அவள் சிரிக்கிற முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதுங்கப்பா. குடுங்க, நான் காட்டறேன்.”

“இரு கண்ணு.”

“கரண்டு இல்லீங்கப்பா. பேட்டரி எறங்கிரும்.”

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கருவியை நீட்டினார். சுகுணா ஒரே மூச்சில் ஏறி உச்சிக்கிளையைத் தொட்டாள். பனி விலகி, திரையில் மலை முழுவதும் விரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

சென்னைக்குத் திரும்பிப் படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். நடுவில் எப்போதோ அவர் கருவியை முழங்கால்மேல் கிடத்தியிருந்தார். வலக் கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் ஓரத்தால் பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விழுகைக்குப் பிறகும் கையைச் சற்றே நகர்த்தி வைத்தார்; ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஏறினார். படச்சட்டத்துக்குள் அவளுடைய கை நுழைந்தபோது, மரத்திலிருந்த கருப்பண்ணன் விழுந்திருக்கவே இல்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே, கிளையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அந்த இடத்தை அவள் வெட்டினாள். உச்சிக்காட்சியையும் அப்பாவின் சிரித்த முகத்தையும் ஒட்டினாள். தேர்வாளர்கள் அந்த இறுதிக்கணத்தைத்தான் பெரிதும் பாராட்டினார்கள். இடம் கிடைத்துவிட்டது. ஏறி முடித்த கை யாருடையது என்று எவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறைக்குள் விளையாட்டை ஒரே விரலால் ஆடும்படி மாற்றிக் கொண்டுவந்தாள். கருப்பண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விழாமலே உச்சிக்குப் போய்விட்டார்.

“நல்லாருக்குது கண்ணு.”

விருந்துக்குப் போன வீட்டின் சப்பென்ற காப்பிக்கும் அவர் அதே குரலில்தான் அப்படிச் சொல்வார்.

“பழையபடியே மாத்தித் தாரேனுங்கப்பா. அன்னைக்கு நீங்க ஏறிட்டுத்தான் இருந்தீங்க. நாந்தான் பாக்கல.”

“அதனால என்ன சாமி. நீ ஏறிட்டயல்ல.”

“ஒருக்கா மட்டும் ஆடுங்கப்பா.”

“வேண்டாம் கண்ணு.”

ஏறுகிற காரியத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. அதில் கோபம் இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கருவியின் வயரை மடித்து, தூசி படாமல் அவளுடைய பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்தார். விறைத்த விரலுக்கு அது பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது. சுகுணா கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, அவர் மூடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.